சுவருக்கு அந்தப் பக்கம், மூன்று மணிக்கு

லியோகாடியா அம்மாளின் வீட்டில் இறை இரக்க நவநாள் என்ற ஒன்பது நாள் செபம் வைப்பதென்று அடுக்குக் குடியிருப்பின் மூன்றாம் வாசல் பெண்கள் முடிவு செய்தபோது அலோய்ஸியை யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே அவர் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதிவிட்டார்கள்.

"நீங்கதான் முன்னால உக்காந்து சொல்லணும். நாங்க பதில் சொல்றோம்," என்றார் கெனவேஃபா அம்மாள். இரண்டாம் மாடிக்காரர். அந்த வாசலில் குடியிருந்த பத்து வீட்டில் ஏழு வீட்டு மாற்றுச்சாவி அவரிடம் இருந்தது. மற்ற மூன்று வீட்டுக்காரர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

"எனக்குத் தொண்டை சரியில்ல," என்றார் அலோய்ஸி.

"தேன் தர்றேன்."

"வார்த்தையெல்லாம் மறந்துபோச்சு."

"இத்தனை வருஷம் லியோகாடியாவோட சுவர் வழியா சொன்ன வார்த்தை எப்படி மறக்கும்? உங்களை விட்டா வேற யாருக்கு அந்த யோக்கியதை இருக்கு?"

அதற்கு அலோய்ஸியிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. மூன்று மாதமாக அதை அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

அலோய்ஸிக்கு அறுபத்துமூன்று வயது. நோவா ஹூத்தா இரும்பாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பதினோரு வருஷம். நாலாம் மாடியில் அவர் வீடும் லியோகாடியா அம்மாளின் வீடும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் இரண்டு வீட்டுக்கும் ஒன்றேதான். அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும்.

தினமும் பகல் மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர் விட்ட நேரத்தில், லியோகாடியா அம்மாள் ஒரு கரண்டியால் அந்தக் குழாயில் மூன்று தட்டு தட்டுவார். 'நான் ஆரம்பிக்கிறேன், வருகிறாயா?' என்று அர்த்தம். போனால் ஏழு நிமிஷச் செபம், பிறகு ஒன்றரை மணி நேரம் கேக்கும் முழங்கால் வலியும். அதனால் அலோய்ஸி போகமாட்டார். தட்டுச் சத்தம் கேட்டதும் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வீட்டில் ஆளே இல்லாத மாதிரி, தேநீர்க் கோப்பையில் கரண்டி படாமல் உட்கார்ந்திருப்பார். ஏழு நிமிஷம் கழித்து மறுபடி சத்தத்தைக் கூட்டுவார். இப்படிப் பத்து வருஷம்.

லியோகாடியா அம்மாள் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார்: "நான் தட்டின உடனே டி.வி.யைக் குறைச்சிடுவார். கூச்ச சுபாவம், பாவம். மனசுக்குள்ளயே சேந்து சொல்றார். செபம் முடிஞ்சாத்தான் மறுபடி போடுவார்."

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அந்தத் தட்டு மூன்றோடு நிற்கவில்லை.

அது பங்குச் சாமியார் வீடு வீடாக ஆசீர்வதிக்க வரும் மாதம். வாசலில் சாமியார் தலை தெரிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் குடும்பங்கள் அந்தக் குடியிருப்பில் நிறைய உண்டு. மறுநாள் பூசையில் அதே குடும்பங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அலோய்ஸியும் அந்த ரகம்தான். மூணோட நிக்கலன்னா சாமியார் மாடியேறி வர்றார், அதுக்குத்தான் இந்தம்மா முன்கூட்டியே சொல்லுது என்று முடிவு கட்டினார். டி.வி.யில் பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி. சத்தத்தைக் குறைத்தார். அந்தக் குளிர்காலப் பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது; விளக்கையும் அணைத்தார். தட்டல் நின்ற பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று, இருட்டில் கொஞ்ச நேரம் இருந்தார்.

சாமியார் அன்று அந்த வாசலுக்கு வரவேயில்லை. அவருக்குப் புதன்கிழமைதான் முறை.

ஞாயிறு காலைப் பூசைக்கு லியோகாடியா அம்மாள் வராததால் கெனவேஃபா அம்மாள் சாவியைப் போட்டுத் திறந்தார். குழாய்க்குப் பக்கத்தில் தரையில் லியோகாடியா அம்மாள் கிடந்தார். கையில் கரண்டி. சட்டைப் பையில் செபமாலை. இதயம் என்றார் மருத்துவர். கரண்டியையும் செபமாலையையும் சேர்த்துப் பார்த்து மீதியைக் கெனவேஃபா அம்மாள் சொன்னார்: "செபம் பண்ணிக்கிட்டே போயிருக்கா. அதுவும் மூணு மணிக்கு. இப்படியொரு சாவு யாருக்குக் கிடைக்கும்!"

அடக்கம் முடிந்து சாப்பிடும்போது, நார்வேயிலிருந்து வந்திருந்த மகள் கிங்கா அலோய்ஸியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளைப் பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, கடைசியா அன்னிக்கும் உங்களோட செபம் சொன்னாங்களா?"

அலோய்ஸியின் வாய் நிறையக் கோழி சூப்பு நூடுல்ஸ். தலையை ஆட்டினார். விழுங்கிவிட்டு, "முழுசாச் சொன்னாங்க. கடைசி வரைக்கும்," என்று வேறு சேர்த்துக்கொண்டார். எதற்கு அந்த இரண்டாவது வாக்கியம் என்று அவருக்கே இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாமியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். அதற்கடுத்த வாரம் மீன் கடையில் அலோய்ஸிக்கு வரிசையில் முன்னால் இடம் விட்டார்கள்.

*

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை கிங்கா வந்து இறங்கினாள். அம்மா வீட்டில் நவநாள் முடித்துவிட்டு, வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அன்று மாலை ஒரு பாட்டில் மீன் எண்ணெயோடு அலோய்ஸி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல." நின்றுகொண்டே பேசினாள். "அன்னிக்கு ரெண்டு அம்பதுக்கு அம்மா எனக்குப் போன் பண்ணியிருக்காங்க. நான் ஆலையில மீன் வெட்டிக்கிட்டிருந்தேன். கையில உறை. அப்பறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். அம்மா போனது தெரிஞ்சதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க சொன்னப்பறம்தான் தூங்கினேன். சும்மா பேசக் கூப்பிட்டிருக்காங்க, நான் எடுக்கலன்னதும் உங்களோட செபத்துக்குப் போயிட்டாங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றார் அலோய்ஸி.

அவள் போன பிறகு மீன் எண்ணெயை அலமாரியில் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் நெஞ்சுப் பாரம் இறங்கும். இறங்கி நேராக அவள் நெஞ்சில் ஏறும். கிரேன் ஓட்டியவருக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை. ஆக, வாயை மூடிக்கொண்டு ஒன்பது நாளைக் கடத்திவிடுவது என்று தீர்மானித்தார்.

பெரிய வெள்ளி. முதல் நாள், உலகத்துப் பாவிகள் எல்லோருக்காகவும். லியோகாடியா அம்மாள் வீட்டுக் கூடத்தில் பெண்கள் ஆறு பேர், கிங்கா, கொண்டு வந்த நாற்காலிகள். சுவரில், நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளுப்புமாய் இரண்டு ஒளிக்கதிர் விழும் ஆண்டவர் படம். அலோய்ஸியை அதன் கீழே உட்கார வைத்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அவருடைய பூட்டிய வீடு.

"அவருடைய வேதனை நிறைந்த பாடுகளை முன்னிட்டு," என்று ஆரம்பித்தார்.

"எங்கள் மேலும் உலகம் முழுவதன் மேலும் இரக்கமாயிரும்," என்றார்கள் பெண்கள்.

இரண்டாவது முறை சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் டி.வி. ஓடுவது கேட்டது. வர்ணனையாளரின் குரல், கூட்டத்தின் இரைச்சல். அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் சத்தம் குறைந்தது. பட்டென்று இல்லை. குமிழைப் பிடித்து ஒருவர் பையப் பையத் திருப்பும்போது குறைகிற மாதிரி.

அதன் பிறகு, வீட்டில் ஆளே இல்லாத மாதிரி ஒரு அமைதி. அந்த அமைதி அலோய்ஸிக்கு நன்றாகத் தெரியும். அதைத் தயாரித்தவர் அவர்தான்.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது டி.வி. அணைந்திருந்தது. அவருடைய சாய்வு நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது. கையை வைத்தார். சூடாக இருந்தது.

சனிக்கிழமை குருக்களுக்கும் கன்னியருக்குமான நாள். பெண்கள் பாஸ்கு முட்டைக் கூடைகளைக் கோயிலில் மந்திரித்து வாங்கிக்கொண்டு வந்து, சாமியாருக்காகச் செபித்துவிட்டு, பிறகு அவரைப் பற்றிப் பேசினார்கள். பாஸ்கு ஞாயிறு, பக்தியுள்ள ஆத்துமாக்களுக்கான நாள். அன்று தங்களுக்காகத் தாங்களே வேண்டிக்கொண்டதால் குரல் நன்றாக எழும்பியது. இரண்டு நாளும் மூன்று மணிக்கு அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. ஞாயிறன்று கூடவே விளக்கை அணைக்கும் 'டிக்'கும் கேட்டது.

திங்கள், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் நாள். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு வாளி முழுக்க வாங்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட அலோய்ஸி வந்து சேர்ந்தார். அன்று கடவுளை அறியாதவர்களுக்கான நாள். படிக்கட்டுக் கம்பியில் சைக்கிளைக் கட்டி வைக்கும் புதுக் குடித்தனக்காரரைக் கெனவேஃபா அம்மாள் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். முடிந்ததும் கிங்கா துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"மாமா, உங்க வீட்ல யாராவது வந்திருக்காங்களா? டி.வி. சத்தம் கேட்டுச்சே."

"கீழ் வீடா இருக்கும்."

"கீழ் வீட்டுக்காரங்க இங்கதானே உக்காந்திருக்காங்க."

"அப்ப மேல் வீடு."

"மாமா, நாலாம் மாடிக்கு மேல மொட்டை மாடிதான்."

அன்றே டி.வி.யின் ஒயரைப் பிடுங்கினார். செவ்வாய்க்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போய் நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார். செவ்வாய்க்கிழமையும் மூன்று மணிக்குச் சத்தம் குறைந்தது.

புதன்கிழமை கோயிலுக்குப் போனார். பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டு, "பொய் சொல்லிட்டேன் சாமி," என்றார்.

வலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "குரல் தெரியுது. நீங்களே இங்க வந்தா மத்தவங்க எங்க போறது? யாரையாவது சந்தோஷப்படுத்தச் சொன்ன பொய்யா?"

"ஆமா சாமி. ஆனா..."

"சரி சரி. மூணு பரலோக மந்திரம் சொல்லுங்க. பின்னால வரிசை நிக்குது."

மூன்றும் சொன்னார். புதன், வியாழன் இரண்டு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, இறந்தபின் பாவம் கழியக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கானது. லியோகாடியாவின் நாள் என்று பெண்கள் கறுப்பு உடுத்தி வந்தார்கள். அலோய்ஸி பாதியில் இரண்டு தரம் வரியைத் தவறவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். கெனவேஃபா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க, அவரால தாங்க முடியல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தார்.

எல்லோரும் கேக் சாப்பிட்டுப் போனார்கள். கிங்கா கோப்பைகளை அடுக்கினாள். அலோய்ஸி எழுந்திருக்கவில்லை. வழக்கமாகச் செபம் முடிந்ததும் அந்தப் பக்கம் ஓய்ந்துவிடும். இன்று ஓயவில்லை. நாற்காலியில் ஒரு உடம்பு லேசாக நகர்ந்து, நகர்ந்ததற்குப் பயந்து, அப்படியே உறைந்தது.

கிங்காவும் உறைந்தாள். கையில் கோப்பையோடு சுவரைப் பார்த்தாள்.

"மாமா. உள்ள ஆள் இருக்கு."

"ஆமா."

"யாரு?"

"நான்தான்," என்றார் அலோய்ஸி.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவர் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு, எதையும் சுற்றி வளைக்காமல், பத்து வருஷத்தையும் சொன்னார். ஒருநாள்கூடச் செபிக்கவில்லை என்றார். அன்று தட்டல் நிற்கவில்லை என்றார். சாமியார் வருகிறார் என்று நினைத்ததைச் சொன்னார், விளக்கை அணைத்ததைச் சொன்னார். சூப்பையும் நூடுல்ஸையும்கூட விடவில்லை.

கிங்கா அழவில்லை. "டி.வி.ல என்ன ஓடிச்சு?" என்று கேட்டாள்.

"பனிச்சறுக்குத் தாண்டல்."

"யாரு ஜெயிச்சா?"

சொல்லாமல் இருக்கலாமா என்று பார்த்தார். முடியவில்லை. "நார்வேக்காரன்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது; எங்கே போய் முடிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்குத்தானே பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்:

"ரெண்டு அம்பதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. எடுக்கல. அப்பறம் உங்களைக் கூப்பிட்டாங்க. நீங்க சத்தத்தைக் குறைச்சீங்க. அப்ப, அலோய்ஸி வீட்லதான் இருக்கார்னு அவங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இல்லன்னா நீங்க செபம் பண்றீங்கன்னு நினைச்சிருப்பாங்க. இவ்ளோ முடியாம இருக்கோம், இவர் செபம் பண்றாரேன்னு."

அது அலோய்ஸிக்கு இதுவரை தோன்றாத விஷயம். மூன்று மாதத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"எனக்கு ஏன் சொன்னீங்க?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தூங்கிட்டிருந்தேன் மாமா. நல்லாத் தூங்கிட்டிருந்தேன்."

அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சொன்னதை நாளைக்கு அவங்களுக்கும் சொல்லுங்க. நான் ஒருத்தியே இதை வச்சுக்கிட்டு நார்வேக்குப் போக மாட்டேன்."

*

ஒன்பதாம் நாள். வெதுவெதுப்பான ஆத்துமாக்களுக்கான நாள். சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல், கடவுளையே அலுக்க வைத்தவர்களுக்காக. பெண்கள் ஆறு பேரும் வந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று படியேறும்போதே பேசி முடித்துவிட்டு வந்தார்கள். பட்டியலில் பெரும்பாலும் மருமகன்கள்.

அலோய்ஸி படத்துக்குக் கீழே நின்றுகொண்டே சொன்னார். நேற்றைவிடச் சுருக்கமாக வந்தது. "நான் ஒருநாளும் அவங்களோட செபிக்கல. அன்னிக்கு உதவிக்குத் தட்டினாங்க. கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

கூடத்தில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. கெனவேஃபா அம்மாள் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா தாழ்மையை! இதைத்தான் சாமியார் சொல்வார், பரிசுத்தம் ஏற ஏறத் தன்னைப் பாவியாவே பாப்பாங்கன்னு."

"தாழ்மை இல்ல. நடந்ததைச் சொல்றேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க. நமக்கெல்லாம் ஒரு பாடம்."

"அவர் சொல்றது நிஜம்," என்றாள் கிங்கா. "என்கிட்ட நேத்தே சொல்லிட்டார். அம்மா எனக்கும் போன் பண்ணினாங்க. நானும் எடுக்கல."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதமாக இந்த வாசலில் ஒரு புனிதச் சாவு இருந்தது. பக்கத்து வாசலில் இல்லை. முதல் மாடி அம்மாள் ஒருவர் மெல்ல எழுந்து வந்து கிங்காவின் தோளை அணைத்து உட்கார வைத்தார். "அழுது அழுது களைச்சுப் போயிருக்கா பொண்ணு. வீட்டைக் காலி பண்றதுன்னா சும்மாவா?"

"மணி மூணு தாண்டிடுச்சு," என்றார் கெனவேஃபா அம்மாள். அலோய்ஸி ஆரம்பிக்காததால் அவரே ஆரம்பித்தார். பெண்கள் பதில் சொன்னார்கள். வெதுவெதுப்பானவர்களுக்காக நல்ல சூடோடு வேண்டிக்கொண்டார்கள்.

அலோய்ஸி படத்துக்குக் கீழிருந்து வந்து கடைசி நாற்காலியில், கிங்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் பதில் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே ஒளிந்திருந்தவன் போய்விட்டானா, இல்லை சத்தம் காட்டாமல் இருப்பதில் இன்னும் கெட்டிக்காரனாகிவிட்டானா என்று சொல்ல வழியில்லை.

செபம் முடிந்தது. கேக் தீர்ந்தது. போகும்போது பெண்கள் ஒவ்வொருவராக அலோய்ஸியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். வாசலில் லியோகாடியாவின் பெயரில் ஒரு சின்னக் கல்வெட்டு பதிப்பதைப் பற்றிப் படியிறங்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

கூடத்தில் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நாளை மறுநாள் இந்த நாற்காலிகளும் போய்விடும்.

"எத்தனை தடவ தட்டினாங்க?" என்று கேட்டாள் கிங்கா.

"எண்ணல."

"இப்ப எண்ணுங்க."

"கிங்கா..."

"காதுல விழுந்துச்சுல்ல? அப்ப உள்ள எங்கேயோ இருக்கும். எனக்கு ஒண்ணு விடாம வேணும். நான் அங்க இல்ல. நீங்கதான் இருந்தீங்க."

அலோய்ஸி கண்ணை மூடினார். தெரியாது என்று சொல்லத்தான் மூடினார். ஆனால் மூடியதும் அந்தச் சனிக்கிழமை அங்கேயே இருந்தது. வர்ணனையாளரின் குரல் இறங்குவது தெரிந்தது, விளக்கு அணைவது தெரிந்தது. இருட்டில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, சுவரில் காதை வைத்தார்.

"முதல்ல மூணு," என்றார். "எப்பவும் மாதிரி. நல்ல பலமாத்தான் தட்டினாங்க."

கிங்கா அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"அப்பறம் கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் மூணு. அதுல கடைசி ஒண்ணு குழாய்ல படல, சுவத்துல பட்டுச்சு. அப்பறம் ரெண்டு."

"அவசரப்படாதீங்க மாமா," என்றாள். "அப்பறம்?"